உள்ளே பேசுவது யார்? சேரன்மகாதேவித் தம்பிக்கு ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 29 வயது. சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம். பி.இ. முடித்துவிட்டு ஆறு வருடமாக டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார்; குரூப் 4 மூன்று தடவை, குரூப் 2 இரண்டு தடவை. நடுவில் கைச்செலவுக்காக ஒரு தவசுப்பிள்ளையோடு (விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிற சமையல்காரர்) கல்யாணச் சமையலுக்குப் போக ஆரம்பித்தார். போன இடத்தில் மனசு ஒட்டிக்கொண்டது. இப்போது பாடப் புத்தகத்தைத் திறந்தால் கண் ஓடமாட்டேன் என்கிறது. ஆக்குப்புரைக்குள் (சமையல் கொட்டகை) நுழைந்தால் பசியும் தூக்கமும் மறந்துபோகிறது. அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இஞ்சினியருக்குப் படிச்சவன் அண்டா கழுவப் போறான்னு நாலு பேரு சொல்லுவாவளே" என்று அம்மா அழுகிறார். தம்பி கேட்பது இது: "ஊர் என்ன சொல்லும் என்பதை விட்டுவிட்டு என் உள்குரலை நம்பலாமா? அது உள்குரல்தானா, படிக்கச் சோம்பேறித்தனமா என்றே எனக்குப் பிடிபடவில்லை."

தம்பி, அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அந்த வரி இல்லாமல் வந்திருந்தால் என்னிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக மனநல ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவள் நான். "ஊரை விடு, உன் உள்ளம் சொல்வதைக் கேள்" என்று சூரியன் உதிக்கிற படத்தோடு தினமும் காலையில் எனக்கும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் சொந்தப் பிள்ளை ஊரை விட்டால் ஒரு வாரம் சாப்பிடமாட்டார்கள் என்பது வேறு. எனக்கு அந்த வாசகத்தில் இருக்கிற சங்கடம் என்னவென்றால், உள்ளம் சொல்வது என்று ஒரே ஒரு குரல் இருப்பதுபோல அது பேசுகிறது. நான் பார்த்த வரைக்கும் உள்ளே ஒரு சந்தையே நடக்கிறது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2011இல் என் மகள் பெரியவளானாள். செய்தி போன அன்று சாயங்காலமே என் அம்மாவும் நாத்தனாரும் மண்டபம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தாய்மாமன் சீர், பந்தல், வாசலில் பிளெக்ஸ் போர்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குப் பதின்மூன்று வயதில் நடந்த சடங்கு நினைவுக்கு வந்தது. தெருவே பார்க்க மணையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் புடவைக் கரையின் நூலை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். "என் மகளை ஊருக்குக் காட்சி காட்டமாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சீர் செய்ய விடவில்லை என்றால் தாய்மாமனுக்கு அது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மைனி (அண்ணன் மனைவி) ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அசையவில்லை. உள்ளே ஒரு பெருமை. ஊரை எதிர்த்து உள்மனசு சொன்னதைச் செய்துவிட்டோம் என்று.

எட்டு வருடம் கழித்து, மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். ராத்திரி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். ஏதோ பேச்சில் போகிறபோக்கில் சொன்னாள்: "எனக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி மாமா கையால மாலை போட்டுக்கிடணும்னு ஆசையா இருந்துச்சும்மா. நீ எங்கிட்டக் கேக்கவே இல்லியே."

தலையணை உறையை நான்காக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மடிப்பு கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு எனக்குள் சத்தம் போட்டது யார்? மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பெண். முப்பது வருடமாக அந்தத் தெருவோடு சண்டை போடக் காத்துக்கொண்டிருந்தவள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் அவளும் தெருவைப் பார்த்துத்தான் பேசினாள். என் மகள் பக்கம் திரும்பவே இல்லை. ஊர் சொல்கிறதே என்று செய்கிறவனுக்கும் ஊர் சொல்கிறதே என்று செய்யாதவனுக்கும் கடிவாளம் ஒரே கையில்தான் இருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். படித்தது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

படித்ததையும் சொல்கிறேன். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ரோசெஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள். ஒரு மனிதன் ஒரு காரியத்தை எதனால் செய்கிறான் என்பதைப் படிப்படியாகப் பிரித்தார்கள். அடிக்குப் பயந்தோ கூலிக்கு ஆசைப்பட்டோ செய்வது ஒரு படி. அதற்கு அடுத்த படிதான் நமக்கு முக்கியம்: வெளியே இருந்து வந்த கட்டளையை விழுங்கிவிட்டோம், ஆனால் செரிக்கவில்லை. இப்போது அடிக்க ஆள் வேண்டாம். நாமே நம்மை அடித்துக்கொள்வோம். 'நான் ஒரு தண்டம்', 'அப்பா காசைத் தின்கிறேன்', 'என் கூடப் படித்தவன் எல்லாம் எங்கேயோ போய்விட்டான்' என்று உள்ளே ஓடுகிறதே, அது உங்கள் குரல் போலவே இருக்கும். உங்கள் வாயால், உங்கள் வட்டார வழக்கில் பேசும். ஆனால் ஆள் வேறு. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள், அதை நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்: சுயமாக முடிவெடுப்பது என்றால் தனியாகப் போவது என்று அர்த்தம் இல்லை. அப்பா சொன்ன வேலையையே ஒருவன் மனசார ஏற்றுச் செய்தால் அதுவும் அவன் சுயமுடிவுதான். அதனால் 'அரசு வேலை என்றால் அடிமைத்தனம், சமையல் என்றால் விடுதலை' என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கமும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

சரி, சோம்பலா இல்லையா என்பதற்கு வருவோம்.

சோம்பல் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி பயம். அது வேலை செய்கிற விதம் எளிது. புத்தகத்தைத் திறக்கிறீர்கள், 'இந்தத் தடவையும் போச்சுன்னா?' என்று நெஞ்சு படபடக்கிறது. மூடுகிறீர்கள், படபடப்பு உடனே இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பரிசு. மனசு ருசி கண்டுவிட்டால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் மூடச் சொல்லும். ஆறு வருடம் இது நடந்தால் எந்தப் புத்தகமும் கண்ணுக்கு ஓடாது. உங்களுக்கு இது நடந்திருக்கிறதா? நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதற்காகக் குன்றிப்போக வேண்டாம். 2022 குரூப் 4க்கு முதலில் அறிவித்தது 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். பிறகு இடத்தைக் கூட்டினார்கள், அப்படியும் இருநூறு பேருக்கு மேல் ஒரு நாற்காலி. கிடைக்காத எல்லோரும் மக்குகள் என்றால் தமிழ்நாட்டில் பாதி வீட்டை மக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் படிப்பில் பயம் இருக்கிறது என்பதால் சமையலில் பிரியம் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். பிரித்துப் பார்க்க நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கே உங்களுக்குப் போஸ்டிங் உத்தரவு வந்துவிட்டது, நாங்குநேரி தாலுகா ஆபீசில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு அந்தத் தவசுப்பிள்ளை கூப்பிட்டால் போவீர்களா? (அரசு ஊழியர் நடத்தை விதிகள் அனுமதியில்லாமல் தனித்தொழில் செய்ய விடாது. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், ஆசையைத்தான் கேட்கிறேன்.) பதில் 'எதுக்குப் போகணும், வீட்டில் படுத்துக்கொள்வேன்' என்று வந்தால், ஆக்குப்புரை உங்களுக்கு ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். 'விடியக்காலை போய்விட்டு வந்துவிடுவேன்' என்று வந்தால் அது வேறு.

இன்னொன்று, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். 'சின்ன வெங்காயம் இருபது கிலோ உரித்த அன்றைக்கு விரல் எரிந்தது, ஆனால் பக்கத்தில் ஆச்சிமார் கதை சொல்லிக்கொண்டே உரித்ததில் நேரம் போனது தெரியவில்லை' என்று. தப்பித்து ஓடி வந்தவன் வேலையின் நல்ல பாகத்தைத்தான் ரசிப்பான்: கரண்டி பிடிக்கிற பாகம், 'யாரு சமையல்?' என்று கேட்கிற பாகம். வெங்காயம் உரிக்கிற பாகத்தில் நழுவுவான். இதை ஒரு அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இனி உள்குரலை நம்பலாமா என்ற விஷயம். இதற்கு என்னிடம் இருக்கிற நல்ல பதில் ஒரு சொதிச் சட்டியிலிருந்து வந்தது. சொதி என்றால் தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்பு.

வீரவநல்லூரில் ஒரு கல்யாணத்து மறுநாள், மாப்பிள்ளைச் சொதி. நான் பெண் வீட்டுச் சொந்தம், வேலை இல்லாமல் ஆக்குப்புரை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கோட்டையடுப்பில் பெரிய வார்ப்புப் பாத்திரம். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலுமாகக் காய் வெந்து, பாசிப்பருப்பைக் கடைந்து சேர்த்தாகிவிட்டது. தவசுப்பிள்ளைக்கு எழுபது வயது இருக்கும். முதல் பால் வாளியைத் தூக்கி ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று "இழுலே!" என்றார். பையன் இரண்டு விறகை வெளியே இழுத்தான். அதற்குப் பிறகுதான் ஓரத்தில் நுரை கட்டியது, பொங்காமல் அப்படியே நின்றது. கேஸ் அடுப்பாக இருந்தால் திருகைத் திருப்பிவிடலாம். விறகடுப்பில் விறகை இழுத்த பிறகும் கங்கு சுட்டுக்கொண்டே இருக்கும், அதனால் நுரையைக் கண்ணால் பார்த்த பிறகு இழுத்தால் பால் திரிந்துவிடும். வருவதற்கு முன்னால் தெரிய வேண்டும்.

"அண்ணாச்சி, எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"சத்தம் மாறும்லா, தாயி. ரெண்டாம் பாலு கொதிக்கையில சலசலன்னு கெடக்கும். மொதப் பாலு விழுந்ததும் அடங்கும். அந்த அடக்கம் கலையதுக்கு முன்னால இழுத்துரணும்."

இதுதான் தம்பி உள்குரல். மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. நாற்பது, ஐம்பது வருடம், ஆயிரக்கணக்கான சட்டி. ஒவ்வொரு தடவையும் தப்பினால் அடுத்த நிமிடமே திரிந்த பால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பெயர் வாங்கியவர், மற்றவர் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை மெச்சி ஆராய்ந்தவர். இரண்டு எதிர்முகாம்களும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது: ஒரு தொழிலில் ஒழுங்கு இருந்து, அதில் பலநாள் புழங்கி, செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிகிற வசதியும் இருந்தால், அங்கே உள்ளுணர்வை நம்பலாம். இல்லாத இடத்தில், எவ்வளவு திடமாகத் தோன்றினாலும் நம்ப முடியாது. திடமாகத் தோன்றுவது ஒரு அத்தாட்சியே இல்லை. சொதிச் சட்டி முன்னால் நின்ற பெரியவருக்கு இது தெரியும். என் மகள் சடங்கின்போது எனக்குத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த திடம் இனி எந்த விஷயத்திலும் வராது.

உங்கள் கணக்கை இப்படிப் பாருங்கள். உப்பு, புளி, பதம் பற்றி உங்கள் உள்ளே பேசுகிற குரலுக்கு மூன்று வருடப் பழக்கம் இருக்கிறது. அதை ஓரளவு நம்பலாம். 'இந்தத் தொழிலில் நான் பிழைத்துக்கொள்வேன்' என்று பேசுகிற குரல் இருக்கிறதே, அதற்கு என்ன அனுபவம்? கூலிக்குப் போய் வருகிறவர் நீங்கள். அச்சாரம் வாங்கியதில்லை, சாமான் சிட்டை போட்டதில்லை, பாத்திர வாடகை பேசியதில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்பத்தான் கிளம்புதாவ, பாக்கிய அடுத்த வாரம் பாப்போம்' என்று சொல்கிற பெண்ணின் அப்பாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததில்லை. அந்தக் குரல் இன்னும் குழந்தை. குழந்தையை வையவும் வேண்டாம், அது சொல்வதைக் கேட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம். வளர்க்க வேண்டும்.

எப்படி வளர்ப்பது என்றால், வருகிற ஆவணியிலிருந்து தை முடிய, அந்தத் தவசுப்பிள்ளையிடமே கேட்டு, நான்கைந்து சின்ன விசேஷங்களை முழுக்க உங்கள் பொறுப்பில் எடுத்துச் செய்யுங்கள். ஐம்பது அறுபது இலைக்கு மேல் வேண்டாம்: வளைகாப்பு, புதுமனை புகுவிழா, காதுகுத்து. இலைக்கு இவ்வளவு என்று பேசுவது ஒரு முறை, வீட்டுக்காரர்களே சாமான் வாங்கித் தந்து நமக்குச் சமையல் கூலி மட்டும் தருவது ஒரு முறை. இரண்டையும் செய்து பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு கணக்கு எழுதுங்கள். ஒன்று காசு. புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்பது அந்த நோட்டில் தானாகத் தெரியும். ஆடியிலும் அப்படித்தான், கோயில் கொடை கிடைத்தால் உண்டு. மற்றது, வேலை முடிந்த அன்று ராத்திரி உடம்பும் மனசும் எப்படி இருந்தன என்று இரண்டே வரி. அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் மனசு தனக்கு வேண்டியபடி கதை கட்டும். தைக்குப் பிறகு நோட்டைப் படியுங்கள். உள்குரல் அங்கே இருக்கும், உங்கள் கையெழுத்திலேயே.

அதுவரை பரீட்சையை முழுக்க விட வேண்டுமா? அடுத்த அறிவிப்பு வந்தால் எழுதுங்கள், ஆனால் அதற்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். தேதி இல்லாத முயற்சி ஆளைக் கரைத்துவிடும். பாளையங்கோட்டை நூலகத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் அதே மேசையில் உட்காருகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, 'இத்தோடு போதும்' என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அவர்களுக்கும் சேர்த்து.

இனி நாலு பேர். இதில் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதை நம் தெருவில் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். வெட்கப்படும்படியான ஒரு படம் போட்ட பனியனைப் போட்டு மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். நிஜத்தில் கவனித்தது கால்வாசிப் பேர். 'பார்த்தீர்களா, யாரும் உங்களைக் கவனிப்பதில்லை' என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறை. நம் தெருவில் நிஜமாகவே கவனிப்பார்கள் தம்பி. காய்கறிப் பையில் முருங்கைக்காய் எத்தனை என்பது வரை தெரியும். ஆனால் கவனிப்பது வேறு, நினைவில் வைத்திருப்பது வேறு. என் மகள் சடங்கு நடக்காத விஷயத்தைத் தெரு மூன்று மாதம் பேசியது. அப்புறம் எதிர்வீட்டுப் பையன் வேற்றுமதப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான், என் கதை பழசாகிவிட்டது. எட்டு வருடம் நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் வேறு காரணத்துக்காக.

1951இல் சாலமன் ஆஷ் செய்த கோட்டுச் சோதனை இன்னும் உபயோகமானது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கிற மூன்று கோடுகளில் அதே நீளம் எதற்கு என்று கேட்டார்கள். விடை பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கூட இருந்தவர்கள், சொல்லிவைத்தபடி, தப்பான கோட்டைக் காட்டினார்கள். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், இந்த வழுக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. நாலு பேரை மாற்ற வேண்டாம். அதில் ஒருவர் கூட நின்றால் போதும். உங்களுக்கு அந்த ஒருவர் யார் என்று கடிதத்தில் இல்லை. அக்கா என்று ஒரு வார்த்தை வந்து போகிறது. அத்தான் எப்படி? யோசியுங்கள்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் கோபம் தெரிகிறது. அவர் பக்கம் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. குளம் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கடன் என்று வளர்ந்த தலைமுறை அது. முதல் தேதி சம்பளம் என்பது அவருக்குக் கௌரவம் மட்டும் இல்லை, மழையைப் பார்க்காமல் தூங்குவது. அப்புறம், நம் ஊரில் பந்தியும் அடுப்பும் வெறும் சோற்று விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. யார் ஆக்கலாம், யார் கையால் யார் சாப்பிடலாம், யார் யாரோடு உட்காரலாம் என்ற பழைய கணக்கு ஒன்று அடியில் கிடக்கிறது. உங்கள் சேரன்மகாதேவியில்தான் 1920களில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். அங்கே சில பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது வெளியே தெரிந்து, 1925 வரைக்கும் தமிழ்நாடே இரண்டுபட்டு நின்றது. 'அண்டா கழுவுகிறவன்' என்ற சொல்லில் உங்கள் அம்மாவுக்கு வலிப்பது எச்சில் பாத்திரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அது எத்தனை தலைமுறைப் பயமோ. அந்தப் பயத்துக்கு நீங்கள் பணிய வேண்டியதில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் குரல் உயராது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உள்குரலைக் கேட்டு நடந்தவர் என்றால் நம் சீமையில் எல்லோரும் பாரதியைச் சொல்வார்கள். கடலூர்ச் சிறையிலிருந்து 1918 கடைசியில் வெளியே வந்து கடையத்தில் இரண்டு வருடம் போல இருந்தார். கடையம் செல்லம்மாள் பிறந்த ஊர். தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாகப் போட வேண்டும் என்று 1920இல் கடன் உதவி கேட்டு ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பினார், காரியம் கூடவில்லை. இன்றைக்கு அந்தக் கடையம் தெருவைப் பெருமையோடு காட்டுகிறோம். அந்த இரண்டு வருடம் அடுப்பு எப்படி எரிந்தது என்று செல்லம்மாளை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒருவரின் உள்குரலுக்கு வாடகை கட்டுகிறவர் பல நேரம் வேறொருவராக இருக்கிறார். உங்கள் வீட்டில் அது யார்? அக்காவின் நகையா, அப்பாவின் ஓய்வுப்பணமா? அந்தக் காசை ஒரு வருடத்துக்குத் தொடுவதில்லை என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான். 'என் ஆசையை நீங்க புரிஞ்சுக்கிடல' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'ஒரு வருஷத்துக்கு உங்க காசு ஒரு பைசா தொட மாட்டேம்பா, கணக்கு நோட்ட மாசாமாசம் காட்டுதேன்' என்று தொடங்கிப் பாருங்கள்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் குறுக்குத்துறையைச் சொல்வேன். தாமிரவருணிக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். வருகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் எடுக்க முடிந்த சாமானையும் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மற்றதைத் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை. வெள்ளம் வருகிறது என்று யாரும் கோயிலை ஊருக்குள் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. ஆற்றோடு சண்டைக்கும் நிற்கவில்லை. ஊர்ப்பேச்சும் அப்படித்தான், வரும், முழுக்கும், வடியும். நீங்கள் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டியது இரண்டு மூன்று சாமான்தான் இருக்கும். அப்பாவோடு பேச்சுவார்த்தை அதில் ஒன்று என்று எனக்குப் படுகிறது. கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியப்பா 'என்னடே, இப்ப எங்க வேல?' என்று கேட்பதற்குச் சொல்கிற பதில் அதில் இல்லை.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கடிதத்தின் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று உள்ளே கேட்டுக்கொண்டே இருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை உள்குரல் கணக்கில் சேர்க்காதீர்கள். தூக்கமின்மையும் அந்தப் பேச்சும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம், தொழில் முடிவு அதற்குப் பிறகுதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்று அரசு நடத்துவது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் தொழிலில் இருப்பவர்களும் போவதுண்டு. நானும் போயிருக்கிறேன்.

கடைசியாக அப்பா. அவர் உங்கள் சமையலைச் சாப்பிட்டிருக்கிறாரா என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை என்றுதான் தெரிகிறது. அடுத்த முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள், ஆனால் பந்திக்குக் கூப்பிடாதீர்கள். அங்கே நாலு பேர் இருப்பார்கள், அவர் அவர்களைத்தான் பார்ப்பார். விடியக்காலை நாலு மணிக்கு ஆக்குப்புரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் ஊர் தூங்கும். ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாம், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். ஒரு நாற்காலி மட்டும் புகை அடிக்காத பக்கமாகப் போட்டு வையுங்கள்; அவருக்கு முட்டுவலி என்று எழுதியிருந்தீர்கள்.